எடைமேடைப் புத்தகமும் நீ எழுதாத நாய்க்குட்டியும்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் சுகத்தைச் சொல் என்றுதான் இத்தனை வருடமாக முதல் வரி போட்டு வந்தோம். இந்தத் தடவை அந்த வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ சுகமா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, தெரியவிடாமல் செய்திருக்கிறீர்கள். நான் சுகமா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள். எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்ப்பாய். இது அண்ணி கை இல்லை. நூலகத்து வாசகர் வட்டத்தில் வாராவாரம் என்னோடு மல்லுக்கு நிற்கிறாரே ஒருவர், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் ஸ்கேல் என்று கூப்பிடுவார்கள், அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் சொல்ல அவர் எழுதுகிறார். அண்ணியை விட்டு இந்த மனுஷரிடம் ஏன் வந்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நான் கோபமாக இருக்கிறேன் என்பதையும் முதலிலேயே போடச் சொன்னேன். மூன்று பேர் மேல் கோபம், அதில் நீயும் ஒருத்தி. புத்தகம் எழுதின ஆளையும் சேர்த்தால் நாலு.

சனிக்கிழமை நாலு மணிக்கு நூலகத்து மாடி அறையில் நாங்கள் கூடுகிறோம் என்பது உனக்குத் தெரியும். பன்னிரண்டு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும், அதில் உட்காருகிறவர் மட்டும் சுருக்கமாகப் பேசுவார். இப்போது என்ன படிக்கிறோம், அது நல்லதா கெட்டதா, ஏன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் மறுத்துப் பேசலாம், கை மட்டும் ஓங்கக்கூடாது. முதல் நாளே நான் எழுந்து, எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, மருமகள் வாசிக்கக் கேட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நூலகத்து அம்மா, காதால படிச்சாலும் படிப்புதாங்க, உட்காருங்க என்றார். அன்று முதல் நான்கு வருடம், முப்பத்தேழு புத்தகம். தலைப்பு எனக்கு நிற்காது, கப்பல் சமையல்காரன் புத்தகம், இரண்டு அக்காமார் புத்தகம், கிணற்றுப் புத்தகம் என்றுதான் சொல்வேன், ஆனால் உள்ளே இருப்பதில் ஒன்று நழுவாது. முப்பத்தாறு வருடம் தண்ணீர்க் குழாய் வால்வு திறந்து மூடினவன் நான். எந்தத் தெருமுனையில் எந்த மூடிக்குக் கீழே எத்தனை சுற்று, எது இடப்பக்கம் திரும்பும், எது முரண்டு பிடிக்கும் என்று எதையும் குறித்து வைத்ததில்லை, குறிக்கத் தெரிந்தால்தானே. ஒரு சுற்றுக் குறைத்தால் மேட்டுத் தெருக் கடைசி வீட்டுக்காரி காலி வாளியோடு வந்து நிற்பாள். அதனால் குறைத்ததில்லை. வட்டத்தில் யாராவது கதாநாயகி பச்சைக் கதவைத் திறந்தாள் என்று சொன்னால், மூன்றாவது அத்தியாயத்தில் அது நீலம், மழையில் சாயம் போனது என்று நான் சொல்வேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அப்படி இருந்த என்னைத்தான் போன சனிக்கிழமை பன்னிரண்டு பேர் நடுவில் கோமாளி ஆக்கிவிட்டாள் உன் அண்ணி.

இந்த மாதம் எல்லோருமே ஒரே புத்தகத்தைப் படிப்பது என்று முடிவாகியிருந்தது. எடைமேடைப் புத்தகம். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை எடை போடுகிற மேடை, அதை நடத்துகிற தகப்பன், தாயில்லாத ஒரே மகன். ஒரு நாள் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றி, எடை போட வந்த லாரியிலேயே மகன் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். தகப்பன் லாரியை மறிக்கவில்லை. எடை மட்டும் போடுகிறார். சரக்குச் சீட்டில் இருப்பதைவிட அறுபது கிலோ கூட. அந்த அறுபதையும் சேர்த்தே சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, போ என்று கையைக் காட்டிவிடுகிறார். இந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ ரயில் ஏறின அன்று நானும் நடைமேடையில் நின்றுகொண்டு, பெட்டி கனமா இருக்கே, தூக்க ஆள் கிடைக்குமா என்றுதான் கடைசி வரை பேசிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா. எனக்கு இருக்கிறது. சரி, கதைக்கு வருகிறேன். அண்ணி வாசித்த முடிவு இது. பத்து வருடம் கழித்து ஒரு லாரி வருகிறது. தகப்பன் சீட்டைப் பார்க்கிறார், முள்ளைப் பார்க்கிறார், எழுபத்திரண்டு கிலோ கூட. ஓட்டுநரைப் பார்த்து, உள்ள யாரோ இருக்காங்க, இறங்கச் சொல்லுப்பா என்கிறார். மகன் இறங்குகிறான். பன்னெண்டு கிலோ கூடிட்டியேடா என்கிறார் தகப்பன். இருங்க, கை கழுவிட்டு வர்றேன் என்கிறான் மகன். அவ்வளவுதான், முடிந்தது. சொல், இதைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் சும்மா இருப்பானா. வட்டத்தில் என் முறை வந்ததும் கால்மணி நேரம் அந்த எழுபத்திரண்டு கிலோவைப் பற்றிப் பேசினேன். கட்டிப் பிடிக்காமல், கண்ணீர் விடாமல், தராசு முள்ளிலேயே பாசத்தைக் காட்டிவிட்டாரே எழுதினவர், இதற்கு மேல் ஒரு முடிவை எவன் எழுதுவான் என்றேன்.

வட்டத்துக்கு வருகிற நர்ஸம்மா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, வால்வுக்காரரே, நீங்க எந்தப் புத்தகத்தைச் சொல்றீங்க என்றார். எல்லாரும் படிச்ச அதே புத்தகம்தான் என்றேன். அதுல மகன் திரும்பி வரவே இல்லையே என்றார். உங்க புத்தகத்துல கடைசித் தாள் கிழிஞ்சிருக்கும், தையல் விட்டதை வாங்கிட்டு வந்து எங்கிட்ட வாதாடாதீங்க என்றேன். ரெண்டு பேர் சிரித்தார்கள், அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் காது சுடுகிறது. நூலகத்து அம்மா அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து கடைசி அத்தியாயத்தை உரக்க வாசித்தார். புதிய சாலை போட்டுவிடுகிறார்கள், லாரிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. மேடையில் புல் முளைக்கிறது. ஒரு நாள் அந்தத் தகப்பன் தானே மேடையில் ஏறி நிற்கிறார். லாரியை எடை போட்ட முள் துருவேறிப் போய், அவருக்கு அசையவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் படுக்கிறார். மகனுடைய கார்டு வந்து சேரும்போது, இந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். வாசித்துவிட்டு அந்த அம்மா மூடினார். என் கையில் இருந்த தேநீர் ஆறிப் போயிருந்தது.

அந்த முடிவைப் பற்றி என் கருத்தைச் சொல்லாமல் விட மாட்டேன், அதற்குத்தானே வட்டம். முதலில் எழுதினவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவனை அப்படி அனாதையாகச் சாகடிக்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று இருந்தது. நடந்து வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். ஏழாவது அத்தியாயத்திலேயே புதிய சாலைக்குக் கல் நட்டாகிவிட்டது. பிறகு அந்த லாரி எப்படி இந்தப் பக்கம் வரும். அண்ணி வாசித்தபோதே எனக்கு இது இடறியது, சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். அந்த மகன், கை கழுவிட்டு வர்றேன் என்றானே, அது உன் அண்ணன் வேலை முடிந்து வந்து வாசலில் தினமும் சொல்கிற சொல். எவ்வளவு பெரிய மடையன் நான், என் வீட்டுச் சொல்லை அச்சில் வந்த சொல் என்று நம்பியிருக்கிறேன். எழுதினவர் கல்நெஞ்சக்காரர், ஆனால் பொய் சொல்லவில்லை. அவர் மேல் இருந்த கோபம் பாதி வழியில் இறங்கி, உன் அண்ணி மேல் ஏறி உட்கார்ந்தது.

வட்டத்தில் நடந்த மிச்சத்தையும் கேள். ஸ்கேல் எழுந்து ஒரு தீர்மானம் போட்டார். இனிமேல் புத்தகத்தைத் தானே படித்தவர்கள்தான் கருத்துச் சொல்லலாம், பிறர் வாசிக்கக் கேட்டவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்று. கேட்டவர்களாம், பன்மையில். அந்த அறையில் அப்படி இருப்பது நான் ஒருத்தன்தான், பெயரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. இதைச் சொல்லும்போது இவர் பேனா நின்றது, எழுதுங்க சார், உங்களைப் பத்தித்தான், ஒரு எழுத்து விடாதீங்க என்றேன், எழுதுகிறார். நர்ஸம்மா மட்டும், எனக்கு அந்தப் பொய் முடிவுதான் பிடிச்சிருக்கு, அதை எழுதின ஆளைக் கூட்டிட்டு வாங்க என்றார். நூலகத்து அம்மா, அடுத்த சனிக்கிழமை பேசி முடிவெடுப்போம் என்று ஒத்திவைத்தார். நான் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அண்ணியைக் கேட்டேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பகல் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் கடைசி வரி தெரியுதா, கடைசி வரி தெரியுதா என்று கேட்கிறவள், எனக்குக் கடைசி அத்தியாயத்தையே மறைத்திருக்கிறாள். மறுக்கவில்லை. ஆமா மாமா, மாத்தித்தான் படிச்சேன் என்றாள். எத்தனை புத்தகம் என்றேன். நாலு என்றாள். எது எது என்றேன், சொன்னாள். கப்பல் சமையல்காரன் கரை ஏறவே இல்லையாம். இரண்டு அக்காமாரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லையாம். நான் எத்தனை சனிக்கிழமை அந்த அக்காமார் சமாதானத்தைப் பற்றிப் பேசியிருப்பேன், அப்போதெல்லாம் ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்கள் பார், அதுவேறு எனக்கு வயிற்றெரிச்சல். ஏன் இப்படிச் செய்தாய் என்றால், கிணத்துப் புத்தகம் முடிஞ்ச அன்னைக்கு நீங்க ரெண்டு நாள் சாப்பிடல மாமா, அத்தை போய் நாலு மாசம்கூட ஆகல, எனக்கு பயமாப் போச்சு என்கிறாள். ஒரு புத்தகம் கேட்டுவிட்டு ஒரு மனுஷன் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் அது அந்தப் புத்தகத்துக்கு அவன் கொடுக்கிற மரியாதை. அதைக் கெடுக்க இவள் யார். உங்கம்மா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாள், அவளும் சினிமா பார்த்துவிட்டு வந்து அடுப்பைப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருக்கிறவள்தானே. உன் அண்ணன் வழக்கம்போல, விடுங்கப்பா, கதைதானே என்றான். கதைதானே என்று சொல்கிறவனிடம் என்ன பேசுவது.

ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். புத்தகத்தை வாசிக்கிறவள்தானே உன் கடிதத்தையும் வாசிக்கிறாள். போனில் நீ பேசினால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது, அதனால்தானே நாம் கடிதத்தோடு நிற்கிறோம். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அவள் வாய் வழியாக வந்தது. சமையல்காரனைக் கரையேற்றினவள் உன்னை என்ன செய்தாளோ என்று இருந்தது. யாரிடம் போவது. நூலகத்து அம்மா இரக்கப்படுவார், நர்ஸம்மாவைக் கேட்கவே வேண்டாம். எனக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற நினைப்பே இல்லாத ஒரு ஆள் தேவைப்பட்டது. ஊரிலேயே அப்படி ஒருவர்தான். திங்கட்கிழமை, அதாவது இன்று, அண்ணி கடைக்குப் போனதும் உன் கடிதங்கள் பதினேழையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு இவர் வீட்டு மணியை அடித்தேன். தீர்மானத்தைப் பத்திப் பேசவா வந்தீங்க என்றார். இல்லை, நான் ஒப்பிக்கிறேன், நீங்க எழுத்தைப் பார்த்துச் சரியான்னு சொல்லுங்க, ஒரு சொல் மாறினாலும் நிறுத்துங்க என்றேன். மேசையில் இருந்த நிலப்படங்களைச் சுருட்டி ஓரம் வைத்தார்.

முதல் கடிதத்திலிருந்து ஆரம்பித்தேன். நீ போன முதல் வாரம் சாவியைத் தொலைத்தது, அலுவலகத்தில் உனக்கு ஜன்னல் பக்கத்து மேசை கொடுத்தது, பக்கத்து மேசைக்காரி தும்மினால் மூன்று தடவை தும்முவது, எல்லாம் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். பதிமூன்று கடிதத்தில் ஒரு சொல் பிசகவில்லை, இவரே அசந்து போனார், இதையும் எழுதச் சொல்கிறேன். பதினாலாவதில் நான், பூங்காவுக்குப் போனேன் அப்பா, மழை விட்டிருந்தது, ஒரு நாய்க்குட்டி என் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது, நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தேன் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இவர் கையை உயர்த்தினார். அப்படி இங்க ஒண்ணும் இல்லையே என்றார். என்ன இருக்கிறதோ வாசியுங்கள் என்றேன். வேண்டாமே என்றார் முதல் தடவையாக. அதுக்காகத்தான் சார் உங்ககிட்ட வந்தேன் என்றேன். வாசித்தார். கழுத்தில் கட்டி, பதினொரு நாள் ஆஸ்பத்திரி, அறுத்து எடுத்தது, எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியது, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றது. எல்லாவற்றுக்கும் மேலே உன் கையால் ஒரு வரி, அண்ணி, இதை அப்பாவுக்கு வாசிக்காதே, ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடு என்று.

அந்த நாய்க்குட்டியை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா. வட்டத்தில் சொன்னேன், மருந்துக்கடையில் சொன்னேன், பழைய கூட்டாளி ஒருத்தன் வழியில் கிடைத்தான், அவனைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன், என் மகள் எழுதுவது புத்தகக்காரர்கள் எழுதுவதைவிட நன்றாக இருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன். அதற்கு முன்னாலேயே பதினொரு நாள் நீ அங்கே குழாய் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாய். என் பெயருக்கு உறை எழுதி, எனக்கு அன்புள்ள அப்பா போட்டு, உள்ளே எனக்கு இல்லாத ஒரு கடிதத்தை வைத்து அனுப்பியிருக்கிறாய். அறுப்பதற்கு முன்னால் சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்களாம், அந்த மூன்று தடவை தும்முகிறவள் போட்டாளாம். ஏன், என் கட்டைவிரல் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒட்டாதா. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஒட்டியது, உங்கம்மாவை எரிக்க அனுமதி வாங்கினபோது ஒட்டியது. எழுத்துத் தெரியாதவனுக்குச் சேதியும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா இரண்டு பேரும். கண் தெரியாதவன் தட்டில் கல்லைப் போட்ட கதையாக அல்லவா இருக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்தப் பதினொரு நாளை நினைத்து நான் சிரிக்காமல் இருந்திருப்பேன். அது போதும் எனக்கு. இதற்கு மேல் இன்று என்னால் சொல்ல முடியவில்லை. இவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்கிறார், தூசியாம்.

வியாழக்கிழமை. மேலே உள்ளதைச் சொல்லி மூன்று நாள் ஆகிறது, தபாலில் போட வேண்டாம், இருக்கட்டும் என்று இவரிடமே வைத்திருக்கச் சொன்னேன். இப்போது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறோம். அண்ணியிடம் பதினாலாவது கடிதத்தைக் கொடுத்து, என் முன்னால் உட்கார், உள்ளது உள்ளபடி வாசி என்றேன். எடுத்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசித்தாள். கழுத்து என்ற சொல் வரை வந்தாள், பிறகு வரவில்லை. மீதியை நான்தான் சொன்னேன், ஒரு தடவை கேட்டது போதுமே எனக்கு, கடைசிப் புள்ளி வரை சொன்னேன். நான் முடித்த பிறகு திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அவள் முந்திக்கொண்டாள். அஞ்சு மாசமா இதை நான் ஒருத்தியே தூக்கிட்டு நடந்தேன் மாமா, உங்க மகன்கிட்டகூட சொல்லல, எனக்கு நல்லதா மாத்திப் படிச்சுக் காட்ட யாரு இருந்தா என்றாள். அதோடு விட்டாளா, இல்லை. நீங்க மட்டும் என்னவாம், போன மாசம் குளியலறையில விழுந்து இடுப்புல அடிபட்டு ஒன்பது நாள் எழுந்திரிக்காம கிடந்தீங்களே, அதைச் சின்னவளுக்கு எழுதாதேன்னு சொன்னது யாரு, நல்லா நடக்கிறேன்னு போடுன்னு சொன்னது யாரு என்றாள். உன் அண்ணன் உள்ளறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

ஆமாம், விழுந்தேன். ஈரத்தில் வழுக்கியது. இப்போது கம்பு வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன், மாடிப்படி ஏறினால் இடது பக்கம் பிடிக்கிறது, நூலகத்து மாடிக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். போன கடிதத்தில் தினமும் ஏரிக்கரை வரை நடக்கிறேன் என்று வந்திருக்குமே, அது பொய், நான் சொன்ன பொய், அண்ணி வெறுமனே எழுதினாள். இதைச் சொன்னதால் உங்கள் மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கிறது. என் மேலும் கொஞ்சம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, பதினைந்தாவது கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதியிருந்ததை அண்ணி ஜலதோஷம் என்று வாசித்திருக்கிறாள். அதையும் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி வைக்கிறேன்.

ஸ்கேல் சார் தீர்மானத்தை வாபஸ் வாங்குகிறேன் என்கிறார். வேண்டாம், கொண்டு வாருங்கள், சனிக்கிழமை பேசித் தோற்கடிக்கிறேன், சும்மா கிடைத்தால் எனக்கு வேண்டாம் என்றேன். இவர் வாசிப்பையும் இந்த மூன்று நாளில் கேட்டுப் பார்த்தேன், எடைமேடைப் புத்தகத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் நிலத்தை அளக்கிற மாதிரி வாசிக்கிறார், தகப்பனும் மகனும் ஓட்டுநரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அறுபது கிலோ இவர் வாயில் வெறும் அறுபது கிலோவாகத்தான் இருக்கிறது. இதையும் எழுதுகிறார், முகத்தைப் பார்க்க வேண்டுமே. அண்ணி வாசித்தால் லாரி கிளம்பும்போது புழுதி என் மூக்கில் ஏறும். இது என் கருத்து, வட்டத்திலும் சொல்வேன். பொய் வாசிக்காமல் அவள் வாசித்தால் அவளுக்கு மிஞ்சின ஆள் இல்லை.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். வருகிற பதினெட்டாம் தேதி உனக்கு மறுபரிசோதனை என்று கடிதத்தில் இருக்கிறது. அங்கே நீ தனியாகப் போய் உட்காரக்கூடாது, தும்முகிறவளும் வேண்டாம், அவளுக்கு என் நன்றியை மட்டும் சொல். அண்ணி கடையில் பன்னிரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டாள். நாளைக் காலை வண்டி, இரண்டு பகல் ஒரு இரவு. அடுத்த அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், உனக்கு இரண்டு கம்பளிச் சட்டை வைக்கிறாள். நான் வருகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன், இந்த இடுப்போடு இரண்டு நாள் உட்கார முடியாது என்று உன் அண்ணன் சொன்னான், இந்த ஒரு தடவை அவன் சொன்னது சரி. இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. உன் வீட்டில் உட்கார்ந்து உனக்கு இதை உரக்க வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அவளை நான் திட்டியிருக்கிற இடங்களையும் சேர்த்து, குரல் கம்மினால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி. நீ பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டே கேள். ஒரு வரி தாண்டினாலும் அங்கேயே நிறுத்து.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். உன் உடம்பில் இனி ஒரு கத்தி படாமல் இருக்கட்டும், உன் தலைமுடி நரைக்கிற வரை நீ எனக்குக் கோபப்பட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிரு. கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. பதினெட்டாம் தேதி அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை அன்றைக்கே எழுது, நல்லதானாலும் இல்லாவிட்டாலும் முதல் வரியில் எழுது, வானிலை எல்லாம் பிறகு. அண்ணி அங்கே இருப்பதால் அந்தக் கடிதத்தை ஸ்கேல் சார்தான் எனக்கு வாசிப்பார். எப்படி வாசிப்பார் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அதை நான் தாங்கிக்கொள்வேன்.

மேலே கண்டதை முழுவதும் வாசிக்கக் கேட்டு, நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது என்று இடது கட்டைவிரல் வைக்கும்,
உன் அப்பா.